ஸ்டிக் எட்டாத பந்துக்கு எக்ஸ்டென்ஷன்: வாங்குவதற்கு முன்பும் மாட்டிய பிறகும்

என் உயரம் 5 அடி 3 இன்ச். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆறடி ஆள் யாராவது படித்துவிட்டு "இதுக்கெல்லாமா ஒரு கட்டுரை" என்று கேட்பார். காட்பாடிப் பக்கம் இருக்கும் ஒரு பார்லரில் வாரத்துக்கு மூன்று நாள் பூல் ஆடுகிறேன், துணி விரித்த டேபிளில் நீளக் குச்சியால் (ஸ்டிக்) வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் தள்ளும் ஆட்டம். வெள்ளைப் பந்து டேபிளின் நடுவில் போய் நின்றுவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு காலைத் தூக்கி விளிம்பின் மேல் போட்டு, இன்னொரு காலின் கட்டைவிரல் தரையில் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாத நிலையில் அடிப்பேன். பார்லரில் டேபிளையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் எங்கள் மார்க்கர் அண்ணன் ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்: "இன்னா தம்பி, டேபிள் மேலயே பட்த்துக்கினு கீற, தலகாணி எட்த்தாரட்டா?"

அன்றைக்கே எக்ஸ்டென்ஷன் வாங்குவது என்று முடிவெடுத்தேன். ஸ்டிக்கின் பின்பக்கத்தில் மாட்டி நீளத்தைக் கூட்டும் ஒரு குட்டிக் குழாய், அதில் என்ன பெரிய விஷயம் இருந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். ஆறு வாரமும் 3,800 ரூபாயும் போனது. உங்களுக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்

9 அடி பூல் டேபிள் என்றால் பந்து ஓடும் பரப்பு 100 இன்ச் நீளம், 50 இன்ச் அகலம். 8 அடி டேபிளில் 88-க்கு 44. நம் கையில் இருக்கும் ஸ்டிக் பெரும்பாலும் 58 இன்ச். அகலவாக்கில் அடிப்பதென்றால் நடுவில் இருக்கும் பந்துகூட எல்லோருக்கும் எட்டும், பிரச்சினையே இல்லை. நடுவில் நிற்கும் வெள்ளையை நீளவாக்கில், எதிர்மூலைப் பாக்கெட்டைப் பார்த்து அடிக்க வேண்டி வரும்போதுதான் குட்டையானவர்கள் மாட்டிக்கொள்கிறோம். ஸ்நூக்கர் (பூல் மாதிரியே, ஆனால் பெரிய டேபிளில் ஆடுவது) டேபிள் இன்னும் மோசம், 11 அடி 8½ இன்ச் நீளம், 5 அடி 10 இன்ச் அகலம். அங்கே உயரமானவர்களே ரெஸ்ட் தேடுவார்கள், அதாவது கை எட்டாத இடத்தில் ஸ்டிக்கின் முன்பக்கத்தைத் தாங்க வைக்கும் நீளக் கம்பு.

ஒரு வாரம் ஆடும்போது, எட்டாமல் போன ஒவ்வொரு தடவையையும் ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இன்னும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: இடது கையால் அடித்திருக்க முடியுமா, ரெஸ்ட் வைத்து அடித்திருக்க முடியுமா. எனக்குப் பத்து ஆட்டத்தில் ஏழு தடவை எட்டவில்லை. அந்த ஏழில் இரண்டு இடது கையால் சாதாரணமாகப் போயிருக்கும், ஒன்றுக்கு எந்த எக்ஸ்டென்ஷனும் பத்தாது, ரெஸ்ட்தான் வழி. மீதி நான்கும் ஓர் அரை அடி கூடுதலாக இருந்தால் போதும் என்கிற ரகம். எக்ஸ்டென்ஷன் இந்த நான்குக்குத்தான். உங்கள் கணக்கில் இந்த ரகம் ஒன்றோ இரண்டோதான் வருகிறது என்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ரெஸ்ட் பழகுங்கள். ரெஸ்ட் பார்லரிலேயே சும்மா சுவரில் தொங்குகிறது.

2. ஸ்டிக்கின் வாலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

என் பணம் போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்தால் அடியில் ஒரு கறுப்பு ரப்பர் குமிழ் இருக்கும், பம்பர் என்பார்கள். சில ஸ்டிக்கில் அது வெறுமனே அமுக்கி வைத்தது, சிலதில் உள்ளே ஸ்குரூ போட்டு முடுக்கியது. மெதுவாகக் கழற்றிவிட்டு, ஃபோன் டார்ச்சை அடித்து ஓட்டைக்குள் பாருங்கள்.

ஒன்றுமே இல்லை, மரம்தான் தெரிகிறது என்றால் அந்த ஸ்டிக்கில் ஸ்குரூ வகை எக்ஸ்டென்ஷன் நேரடியாக ஏறாது. பளபளவென்று பித்தளையோ அலுமினியமோ தெரிந்து, விளிம்பிலிருந்தே மரை தொடங்குகிறது என்றால் அது எக்ஸ்டென்ஷனுக்காகவே வைத்ததாக இருக்கலாம், ஸ்நூக்கர் ஸ்டிக்குகளில் இது நிறைய உண்டு. மூன்றாவது ஒரு ரகம் இருக்கிறது, நான் விழுந்த குழி அதுதான். ஓட்டை ஆழமாக இருக்கும், உள்ளே மரை தெரியும், அடியில் ஒரு போல்ட்டின் தலையும் தெரியும். அதைப் பார்த்ததும் "ஆஹா, நம்ம ஸ்டிக்குல எல்லாம் ரெடியா இருக்கு" என்று துள்ளிக் குதித்தேன். அது எடை போல்ட். ஸ்டிக் எத்தனை அவுன்ஸ் இருக்க வேண்டும் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் கம்பெனிக்காரன் உள்ளே வைக்கும் இரும்புத் துண்டு. அந்த மரை அந்தப் போல்ட்டுக்காகப் போட்டது, எக்ஸ்டென்ஷனின் மரையும் அதுவும் பொருந்தினால் அது அதிர்ஷ்டம்.

மரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதன் விட்டம் எவ்வளவு, ஓர் இன்ச்சுக்கு எத்தனை மரை, உள்மரையா வெளிமரையா என்று மூன்றும் தெரிய வேண்டும். வீட்டு ஸ்கேலை வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குப் போங்கள், அவர்களிடம் வெர்னியரும் மரை பார்க்கும் கேஜும் இருக்கும், இரண்டு நிமிட வேலை. என்னிடம் காசுகூட வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார். அளவை எழுதி வாங்கி, ஃபோட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: "அதே கம்பெனி எக்ஸ்டென்ஷன் வாங்கினா போட்டுடலாம் சார்" என்று கடைக்காரர் சொல்வார். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் வால் மாறும். மாடல் பெயர், எண், முடிந்தால் வாங்கிய பில், இவற்றை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பார்லர் ஸ்டிக்கில் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பம்பரைக் கழற்றியதைப் பார்த்தால் மார்க்கர் உங்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிடுவார்.

3. எந்த வகை

பின்னால் ஸ்குரூ போட்டு முடுக்குவதுதான் நல்லது. ஆடாது, அசையாது, ஸ்டிக்கோடு ஒரே உடம்பாகிவிடும். 6, 8, 12 இன்ச் என்று கிடைக்கிறது. என்னைக் கேட்டால் 8. ஆறு இன்ச்சுக்காக இவ்வளவு செலவு செய்வது வீண், பன்னிரண்டு இன்ச்சில் பின்பாரம் அதிகமாகிவிடும்.

ரப்பர் உறை மாதிரி பின்னால் சொருகுவது இரண்டாவது வகை. எல்லா ஸ்டிக்குக்கும் பொருந்தும் என்று போட்டிருப்பார்கள், விலையும் குறைவு. நான் முதலில் வாங்கியது இதைத்தான், 750 ரூபாய். மே மாதம், பார்லரில் ஏசி பாதி உயிரில் ஓடுகிறது, கையெல்லாம் வேர்வை. ஒரு எட்டாம் நம்பர் பந்துக்குக் குறி பார்த்து ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தேன், எக்ஸ்டென்ஷன் மட்டும் கையோடு வந்துவிட்டது. ஸ்டிக் பாட்டுக்கு டேபிளிலேயே கிடந்தது, வெள்ளையை லேசாக முத்தமிட்டபடி. ஸ்நூக்கரில் நீளமாக இழுத்துப் பூட்டும் டெலஸ்கோப் வகையும் இப்படிச் சொருகுவதாக வரும். எப்போதாவது ஒரு தடவை நீளமான ஷாட்டுக்கு அது சரி, ஆனால் சொருகியதும் ஒரு தடவை முறுக்கி இழுத்துப் பார்க்காமல் அடிக்காதீர்கள்.

மூன்றாவது, ஸ்டிக்கை நடுவில் கழற்றி இரண்டு பாகத்துக்கும் இடையில் மாட்டுவது. எடை பின்னால் ஓடாது என்பது இதன் நல்ல குணம். ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஸ்டிக்கைப் பிரித்து மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும், ஜாயிண்ட் மரையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

4. ஆர்டர் போடும்போது

வேலூரில் விளையாட்டுச் சாமான் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். டிப் (ஸ்டிக்கின் நுனியில் ஒட்டும் சின்னத் தோல் வட்டு), அதில் தடவும் சாக் கிடைக்கிறது, மட்டமான ஸ்டிக்கும் கிடைக்கிறது, எக்ஸ்டென்ஷன் என்றதும் மின்சார எக்ஸ்டென்ஷன் பாக்ஸா என்று கேட்டவர்கூட உண்டு. அதனால் ஆன்லைன் அல்லது சென்னை. சென்னைக்குப் போவதாக இருந்தால் ஸ்டிக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துச் சொச்சத்தில் போய்விடலாம். கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்கினால் கீழே நான் எழுதியிருக்கும் தலைவலி எதுவும் இல்லை.

ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் காசு கட்டுவதற்கு முன் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மரை அளவு இது, மாடல் இது, ஃபோட்டோ இதோ, பொருந்துமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், ஃபோனில் சொன்னது கணக்கில் வராது. நான் ஃபோனில்தான் கேட்டேன், "கண்டிப்பா ஃபிட் ஆகும் சார்" என்றார். 2,600 ரூபாய்க்கு 8 இன்ச் ஸ்குரூ எக்ஸ்டென்ஷன் ஒன்பது நாள் கழித்து வந்தது, மரை ஒரு சுற்றுகூட ஏறவில்லை. திருப்பி அனுப்புகிறேன் என்றால், கவரைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்கமாட்டோம் என்றார்கள். பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அதனால் வைத்துக்கொள்ள வேண்டிய காகிதங்கள்: உங்கள் பெயர் போட்ட பில், "பொருந்தும்" என்ற எழுத்துப் பதிலின் ஸ்கிரீன்ஷாட், திருப்பி எடுக்கும் விதி இருக்கும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் (ஆர்டர் போட்ட அன்றைக்கே எடுங்கள், பிறகு மாறிவிடும்), பார்சலை முதல் தடவை பிரிக்கும்போது எடுத்த வீடியோ. இவ்வளவும் இருந்து, அவர்கள் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டுப் புகார் பதியலாம். என்னிடம் ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் இல்லை, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் கூரியர்காரர்கள் சுங்கத்துக்காக ஆதார், பான் மாதிரி அடையாளச் சான்று கேட்பார்கள், அதை அனுப்பும்வரை பார்சல் அங்கேயே நிற்கும். சுங்க வரி, கூரியரின் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள். "மச்சான், கிஃப்ட்டுன்னு எழுதி அனுப்பச் சொல்லு, வரி கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.

போட்டிக்காக வாங்குகிறீர்கள் என்றால் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே ஆர்டர் போட வேண்டும். பொருள் வர பத்து நாள், பொருந்தாவிட்டால் சரிசெய்ய பத்து நாள், கை பழக இரண்டு வாரமாவது ஆகும்.

5. பொருந்தாததைப் பொருத்துவது

மரை ஏறாத எக்ஸ்டென்ஷனை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வெறித்துப் பார்த்தேன். பிறகு அதே லேத் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி ஸ்டிக்கை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, பம்பு ராடா?" என்றார். விளையாடுற ஸ்டிக் என்றதும் சிரித்துவிட்டு, "இதுக்கு நான் ஒரு புஷ் கடைஞ்சி தரேன், ஒரு பக்கம் உன்னுது, ஒரு பக்கம் அதுது" என்றார். அலுமினியத் துண்டு ஒன்று. ஒரு முனையில் என் ஸ்டிக்கின் எடை போல்ட் மரைக்குப் பொருந்தும் வெளிமரை, மறுமுனையில் எக்ஸ்டென்ஷன் ஏறும் உள்மரை. 450 ரூபாய், மறுநாள் சாயங்காலம் கையில் கிடைத்தது.

750, 2,600, 450. கூட்டிப் பாருங்கள்.

நீங்களும் லேத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஸ்டிக்கின் மரத்தில் புதிதாக ஓட்டை போடச் சொல்லாதீர்கள். மையம் ஒரு மயிரிழை தப்பினாலும் எக்ஸ்டென்ஷன் கோணலாக நிற்கும், மரம் விரிந்துவிட்டால் ஸ்டிக்கே போச்சு. இருக்கிற மரையைப் பயன்படுத்தி இடையில் ஒரு துண்டு கடைவது மட்டும்தான் பத்திரம். இரண்டாவது, வேலை முடிந்ததும் எக்ஸ்டென்ஷனை மாட்டி, ஸ்டிக்கை டேபிளின் மேல் உருட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதன் முனை வட்டம் போட்டு ஆடினால் திரும்பக் கடையச் சொல்லுங்கள். என்னுடையது முதல் தடவை ஆடியது, மேஸ்திரி முனகிக்கொண்டே திருத்திக் கொடுத்தார்.

6. மாட்டும் இடமும் நேரமும்

டேபிளுக்கு மேல் நீட்டிக்கொண்டு மாட்டாதீர்கள். கை நழுவி எக்ஸ்டென்ஷன் பந்தின் மேல் விழுந்தால் அது ஃபவுல், துணியும் கிழியும். இரண்டடி பின்னால் வந்து, ஸ்டிக்கை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, முதல் இரண்டு சுற்றை விரலால் மெதுவாக ஏற்றுங்கள். வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். முரண்டு பிடித்தால் மரை குறுக்கே ஏறியிருக்கிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி ஏற்றுங்கள். நின்றதும் நிறுத்துங்கள், பலத்தைக் காட்டினால் கழற்றும்போது அழ வேண்டியிருக்கும்.

அப்புறம் பின்னால் திரும்பிப் பாருங்கள். 58-ம் 8-ம் சேர்ந்தால் 66 இன்ச், அதாவது ஐந்தரை அடி, அதற்கு மேல் பின்னால் இழுக்க இடம் வேண்டும். நம் ஊர்ப் பார்லர்களில் டேபிளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நாற்காலி, ஒரு தூண், கல்லூரிப் பையன்கள் நான்கு பேர், எல்லாம் இருக்கும். நான் முதல் நாள் எக்ஸ்டென்ஷன் மாட்டி இழுத்ததில் பின்னால் இருந்த ஒரு தம்பியின் டீ கிளாஸ் போனது. டீ அவன் சட்டையில், கிளாஸ் தரையில், பந்து பாக்கெட்டில். யாரும் அந்தப் பந்தைப் பாராட்டவில்லை.

7. அடிப்பது

மாட்டியதும் முதலில் உணர்வது, ஸ்டிக்கின் முன்பக்கம் இலேசாகிவிட்டது போல இருக்கும், டிப் விரலின் மேல் நிற்காமல் எழும்பப் பார்க்கும். காரணம் எளிது. என் ஸ்டிக் 19 அவுன்ஸ், சுமார் 540 கிராம். எக்ஸ்டென்ஷனைச் சமையலறைத் தராசில் வைத்தால் 100 கிராம் காட்டியது. ஒரு விரலின் மேல் ஸ்டிக்கை வைத்து அது சாயாமல் நிற்கும் புள்ளியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் மாட்டி மறுபடி பார்த்தால் அந்தப் புள்ளி மூன்றரை இன்ச் பின்னால் போயிருக்கிறது. வெறும் 100 கிராம்தான், ஆனால் வால் முனையில் உட்கார்ந்திருப்பதால் இந்த ஆட்டம் காட்டுகிறது. நீங்களும் ஒரு தடவை இப்படிக் குறித்துப் பாருங்கள், ஐந்து நிமிடம் ஆகாது.

பிடியையும் பின்னால் தள்ள வேண்டும். பழைய இடத்திலேயே பிடித்தால் எக்ஸ்டென்ஷன் மாட்டியதே வீண், எட்டாத பந்து எட்டாமலேயே இருக்கும், வால் பாரம் மட்டும் கூடுதல். டிப் வெள்ளையைத் தொடும் நிலையில் முழங்கைக்குக் கீழே கை நேராகத் தொங்குகிறதா என்று பார்த்து, அது எங்கே வருகிறதோ அங்கே பிடியுங்கள். எனக்கு எக்ஸ்டென்ஷன் தொடங்கும் இடத்தில் வருகிறது, சில ஷாட்டுக்கு எக்ஸ்டென்ஷன் மேலேயே.

முன்கை, அதாவது டேபிளில் ஊன்றி ஸ்டிக்கின் முன்பக்கத்தைத் தாங்கும் கை, அதுதான் அடுத்த பொறி. நீளம் கூடிவிட்டதே என்ற தைரியத்தில் புதியவர்கள் முன்கையைப் பந்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்துவிடுவார்கள், நானும் வைத்தேன். டிப் எங்கே போகிறது என்று டிப்புக்கே தெரியாது. எப்போதும் எவ்வளவு இடைவெளி விடுவீர்களோ, எட்டு இன்ச்சோ பத்து இன்ச்சோ, அதே இடைவெளிக்கு முன்கையைக் கொண்டுபோங்கள். எக்ஸ்டென்ஷன் வாங்கியதே அந்தக் கை முன்னால் போவதற்குத்தான்.

ஸ்டிக்கைச் சுற்றி விரலால் வளையம் போட்டுப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இந்த மாதிரி ஷாட்டில் அது உதவும், டிப் மேலே எழும்புவதைப் பிடித்து வைக்கும். விரல் எட்டாமல் வளையம் போட முடியவில்லையென்றால் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, கட்டைவிரலை ஒட்டிய பள்ளத்தில் ஸ்டிக்கை ஓடவிடுங்கள்.

வேகம் வேண்டாம். பின்னால் கொஞ்சம் இழுத்து, முன்னால் நேராகத் தள்ளி, தள்ளிய பிறகும் ஸ்டிக்கை அங்கேயே விட்டு வையுங்கள். உடம்பு நீண்டு கிடக்கும்போது ஓங்கி அடித்தால் தோள் தூக்கும், தோள் தூக்கினால் டிப் கீழே போகும், வெள்ளை எகிறும். பக்கவாட்டுச் சுழற்சி, அதான் சைடு, அதையும் முதல் இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். நடுவில் அடியுங்கள், நடுவுக்குக் கொஞ்சம் மேலே என்றாலும் சரி.

பழகுவதற்கு நான் செய்தது இது. முதல் மூன்று நாள் பந்தே இல்லாமல், டேபிளின் நடுக்கோட்டில் ஸ்டிக்கை ஓட்டிப் பார்த்தேன். அடுத்த நான்கு நாள் வெள்ளையை நடுவில் வைத்து, எதிர் குஷனில் (டேபிளின் ரப்பர் விளிம்பு) அடித்து, அது திரும்பி என் டிப்பிலேயே வந்து மோதுகிறதா என்று பார்த்தேன். மோதவில்லை, ஒரு சாண் தள்ளித்தான் வந்தது, அதைச் சரிசெய்யவே அந்த நான்கு நாளும் போனது. அதற்குப் பிறகுதான் பாக்கெட். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும், கூட்டம் இல்லாத மதியத்தில் போனால் மார்க்கர் அண்ணன் அந்தக் கால் மணியைக் கணக்கில் சேர்க்காமல்கூட விடுவார். எங்கள் பார்லரில் மணிக்கு 150, கால் மணி என்றால் முப்பத்தேழரை, அந்த அரை ரூபாயை யார் கொடுப்பது என்று சண்டை வேறு.

8. விதி

அடிக்கும் நொடியில் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் மாட்டினாலும் இந்த விதி மாறாது, பூல், ஸ்நூக்கர் இரண்டிலும் இதே. இரண்டு காலும் தூக்கிவிட்டால் ஃபவுல், ஸ்நூக்கரில் குறைந்தது 4 புள்ளி எதிராளிக்குப் போகும். பூலில் நைன்பால் (ஒன்பது பந்து வைத்து ஆடுவது) மாதிரி ஆட்டம் என்றால் வெள்ளையை அவர் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான், எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிப்பார்.

எக்ஸ்டென்ஷன் மாட்டுவது ஏமாற்று வேலை என்று யாராவது வம்புக்கு வந்தால், உலக அளவிலான பூல் விதியிலேயே அதற்கு அனுமதி இருக்கிறது என்று சொல்லுங்கள். ஸ்டிக் குறைந்தது 40 இன்ச் இருக்க வேண்டும், இவ்வளவுதான் நீளம் என்று மேல் எல்லை கிடையாது. எடை மட்டும் 25 அவுன்ஸைத் தாண்டக்கூடாது. ஆனாலும் நம் பக்கத்துப் பார்லர் போட்டிகளில் அவரவர் வைத்ததுதான் சட்டம். என்ட்ரி ஃபீஸ் கட்டும்போதே எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதி உண்டா, பக்கத்துப் பந்தைச் சட்டை தொட்டால் ஃபவுலா என்று கேட்டுவிடுங்கள். சாய்ந்து அடிக்கும்போது தொளதொள சட்டைதான் முதலில் பந்தைத் தொடும். போட்டி நாளில் டீஷர்ட் போடுங்கள், சட்டைதான் உடை என்றால் இன் பண்ணுங்கள், ஐடி கார்டு கயிற்றைக் கழற்றி வையுங்கள்.

9. எடுத்துப் போவதும் வைத்துக்கொள்வதும்

விமானத்தில் ஸ்டிக்கைக் கையோடு உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் போட வேண்டும். எக்ஸ்டென்ஷனும் பார்க்க இரும்புக் குழாய் மாதிரிதான் இருக்கும், அதனால் அதையும் அங்கேயே போட்டுவிடுங்கள். ரயிலில், பஸ்ஸில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பஸ்ஸில் மேல் தட்டில் மட்டும் வைக்காதீர்கள், பிரேக் போட்டால் முன்சீட்டுக்காரர் தலையில் இறங்கும். ஆம்பூரில் தோல் தைக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் மிச்சத் தோலில் சின்ன உறை ஒன்று தைத்து வாங்கினேன், எக்ஸ்டென்ஷனும் புஷ்ஷும் சாக்கும் அதிலேயே கிடக்கின்றன.

நம் ஊர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் பைக் பெட்டியிலோ, நிறுத்தி வைத்த காரிலோ ஸ்டிக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள். டிப் ஒட்டிய பசை இளகும், மரம் வளையும். மரையில் சாக் தூசி சேரும், பழைய பல்துலக்கும் பிரஷால் வாரம் ஒரு தடவை துடைத்தால் போதும். வழுக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நான் விட்டேன், தூசியும் எண்ணெயும் சேர்ந்து மாவு மாதிரி அப்பிக்கொண்டு, மறுநாள் எக்ஸ்டென்ஷனைக் கழற்ற இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது.

கழற்றிய பம்பரை மறக்காமல் உறைக்குள் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் இல்லாத நேரத்தில் பம்பரும் இல்லாமல் ஸ்டிக்கைத் தரையில் ஊன்றினால் அடிமரம் சிதையும். என்னுடையது பேன்ட் பையில் இருந்து வாஷிங் மெஷினுக்குப் போய், டிரம்முக்குள் இரண்டு நாள் கடகடவென்று ஓடி, மெக்கானிக் வந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்கு 300 ரூபாய். மேலே சொன்ன 3,800-ல் அதைச் சேர்க்கவில்லை.